பீரோ மேல இருந்த ராக்கெட்

என்னங்க, மல்லிகா அப்பா,

"என்னங்க"ன்னு கூப்பிட்டே பழகின வாய். எழுதும்போதும் அதுதான் வருது. முன்னெல்லாம் நான் அப்படிக் கூப்பிட்டா உள்ளே டைப்ரைட்டர் சத்தம் நின்னு, "ம்"னு ஒரு குரல் வரும். இப்போ சத்தம் போடறதும் நான்தான், நிறுத்தறதும் நான்தான்.

இந்தக் கடுதாசி உங்களுக்கு. ஆனா நாலு பேர் படிப்பாங்க. ராக்கெட் கழகத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி தணிகாசலம் கேட்டாரு. உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா? அதைவிட அவங்களைப் பத்தி உங்ககிட்ட சொல்லலாம்னு நம்ம டைப் இன்ஸ்டிடியூட் தமிழ் மிஷின் முன்னாடி உட்கார்ந்துட்டேன். கார்பன் வெச்சுத்தான் அடிக்கிறேன். அச்சுக்குப் போறப்போ ஒரு வரி காணாமப் போனாலும் எனக்குத் தெரிஞ்சுடும், தணிகாசலம் தம்பி.

நேத்துதான் ராக்கெட் விட்டாங்க. அதைப் பத்தி ஊர்ல ஆளுக்கொண்ணு பேசறாங்க. பால்காரர் ஒரு கதை சொல்றாரு, டைப் அடிக்க வர்ற பொண்ணுங்க வேற கதை சொல்லுதுங்க. எந்தக் கதை உங்க காதுக்கு வந்து சேர்ந்துச்சோ, யார் கண்டா? நடந்ததை நடந்தபடி நானே சொல்லிடறேன்.

நான் சந்தேகக்காரின்னு உங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதுசுல நம்ம ஊர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? தீபாராதனை நடக்குது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடறாங்க. பக்கத்துல நின்ன பொம்பளையோட கை என் சங்கிலிக்கு எவ்வளவு கிட்ட இருக்குன்னு நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். வெளியே விட்டுட்டு வந்த செருப்பு வேற மனசுல ஓடுது. நீங்க ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்துட்டீங்க. வெளியே வந்ததும், "சாமியைப் பாத்தியா, இல்ல சாமி ஒழுங்கா இருக்காரான்னு பாத்தியா?"ன்னு கேட்டீங்க. "ரெண்டும்தான்"னேன். ரோடுன்னும் பாக்காம அப்படிச் சிரிச்சீங்க.

கழகம் பிறந்த கதையை மலர்ல வேற யாராவது பெருசா எழுதுவாங்க. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். நீங்க டைப்ரைட்டிங் மாஸ்டர். தணிகாசலத்துக்கு தேரடிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ. முனிரத்தினம் திருவிழாவுக்கு வாணம் கட்டறவரு. மூணு பேருக்கும் ஞாயித்துக்கிழமையானா நம்ம வீட்டுக் கூடம்தான். பழைய மிஷின்ல கழட்டின ரப்பர் ரோலர் மேல பசங்க அடிச்சுப் பழகின காகிதத்தை மைதாப் பசை தடவிச் சுத்திச் சுத்தி உடம்பு செய்வீங்க. கல்யாண முருங்கைக் கட்டையில மூக்கு. அட்டையில இறக்கை. வயித்துக்குள்ள முனிரத்தினம் இடிச்ச மருந்து. உங்க ராக்கெட்டை உத்துப் பாத்தா வார்னிஷுக்கு அடியில வரிவரியா ஏ எஸ் டி எஃப் தெரியும். வீடு பூரா பசை நாத்தம். நான் முணுமுணுக்காத ஞாயித்துக்கிழமை உண்டா?

முதல் தடவை வேங்கிக்கால் பக்கம் காஞ்சு கிடந்த ஏரியில விட்டீங்க. அன்னைக்கு நான் வரலை. ராக்கெட் எங்க விழுதுன்னு பாக்க நாலு பக்கமும் ஆள் நிறுத்தினீங்களாம். ராக்கெட்டைச் சாத்தி விடற கம்பியை மலைப் பக்கம் சாய்க்கக் கூடாது, இந்தப் பக்கம்தான் சாய்க்கணும், மலைக்கு மேல எதுவும் பறக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுச் செஞ்சீங்களாம். ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. இது திருவண்ணாமலை. இந்த ஊர் ஜனங்க எதிர்ல ஒரு நெருப்பு மேல எழுந்தா என்ன செய்வாங்க?

"அண்ணாமலையானுக்கு"ன்னு யாரோ ஒரு குரல். "அரோகரா"ன்னு மொத்த ஏரியும். எல்லார் கையும் தலைக்கு மேல போச்சு, எல்லார் கண்ணும் மூடிக்கிச்சு. பாக்கறதுக்குன்னே நிறுத்தின ஆளுங்களும் கும்பிட்டுட்டாங்க. படம் பிடிக்க வேண்டிய தணிகாசலம் கேமராவைக் கழுத்துல தொங்க விட்டுட்டுக் கும்பிட்டாரு. செஞ்ச ஆளு நீங்களே கும்பிட்டுக்கிட்டுதானே நின்னீங்க! கண்ணைத் திறந்து பாத்தா வானம் காலி. பொழுது சாயற வரைக்கும் முள்ளுக்காட்டுல தேடிட்டு வெறுங்கையோட வந்தீங்க.

"நான் இருந்திருந்தா பாத்திருப்பேன்"னு ஒரு வார்த்தை சொன்னேன். அது என் தலையில விடிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம கூடத்துல நின்னுக்கிட்டு, "கண்ணை மூடாத ஆளு இந்த ஊர்ல ஒருத்திதான். அவ என் வீட்டுல இருக்கா"ன்னு எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. பாராவுக்கு நிக்கிறவங்க ரெண்டு கையிலயும் கொடி பிடிச்சுக்கணும், அப்போதான் கை கூப்ப முடியாதுன்னு அன்னைக்கே சட்டமும் போட்டீங்க. சிவப்புக் கொடி ஒரு கையில, வெள்ளைக் கொடி ஒரு கையில. விழுந்த திசையைக் காட்ட ஒரு கொடி போதும். இன்னொண்ணு பக்திக்குப் பூட்டு.

அடுத்து விட்ட ரெண்டாவது ராக்கெட் மேல போச்சு. நான் கண்ணைக் கொட்டாம பாத்தேன். உச்சிக்குப் போய் மூக்கு கழண்டுச்சு. உள்ளேர்ந்து குடை மாதிரி ஒரு துணி விரிஞ்சுது. ரோஜா கலரு. அதுல வெள்ளைப் பொட்டு.

என் நைலெக்ஸ் புடவைங்க! மாசக்கணக்கா தேடின புடவை. கொடியில காயப்போட்டது காணோம்னு தெருவுல மூணு வீட்டைச் சந்தேகப்பட்டேன். என் வீட்டை மட்டும் சந்தேகப்படலை. ஊர் ஜனம் மொத்தமும் அண்ணாந்து பாக்க, அது ஆடி ஆடி இறங்குது. கொடியையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். ராக்கெட்டைப் பிடிக்கறதுக்கு ஓடறேன்னு எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க மட்டும் தட்டலை. முனிரத்தினத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டீங்க.

அதுலேர்ந்து வருஷா வருஷம் நான்தான் பாரா. கூடவே இன்னொரு வேலையும் ஒட்டிக்கிச்சு. கயித்துக்கு அந்தாண்ட நிக்கிற ஜனங்ககிட்ட கற்பூரம் பிடுங்கற வேலை. ராக்கெட்டுக்கு ஒரு ஆரத்தி காட்டிட்டா நல்லபடியா போகும்னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வருவாங்க. மருந்து இருக்கற இடத்துல கற்பூரம் கொளுத்தினா ராக்கெட்டோட சேர்ந்து அவங்களும் போக வேண்டியதுதான். யார் மடியில கற்பூரம், யார் காதுல பீடி, ஒரு பார்வையில எனக்குத் தெரிஞ்சுடும். "உன் வியாதிக்கு ஊர்ல ஒரு உத்தியோகம் கிடைச்சுடுச்சு பாரு"ன்னு கிண்டல் பண்ணுவீங்க.

அப்புறம் நீங்க போயிட்டீங்க. காலையில காபி குடிச்ச டம்ளரைக் கீழே வெச்சீங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சீங்க. அவ்வளவுதான். நான் டாக்டரைக் கூப்பிடுங்கன்னு கத்தி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இதையும் சொல்லிடறேன், எழுதக் கூசுதுதான். அன்னைக்கு நான் அழலை. வீடு நிறைய ஜனம். பீரோ சாவி எங்க, இன்ஸ்டிடியூட்டைப் பூட்டினாங்களா, உங்க கைக்கடிகாரத்தைக் கழட்டினது யாரு, வாசல்ல செருப்பு கலைஞ்சு கிடக்கே, இப்படியே என் கண்ணு சுத்திக்கிட்டு இருந்துச்சு. உங்களைத் தூக்கும்போதுகூட தோள் குடுக்கறவங்க சரியா பிடிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டுதான் நின்னேன். கல்நெஞ்சக்காரின்னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. கண்ணை மூடினா எல்லாமே போயிடும்னு ஒரு பயங்க. வேற என்னத்தைச் சொல்றது?

நீங்க கடைசியா செஞ்ச ராக்கெட் மேசை மேலேயே இருந்துச்சு. விடாத ராக்கெட். புடவையில மிச்சமிருந்த துணியை நீங்களே மடிச்சு உள்ளே வெச்சது. மூக்குல சிவப்புப் பெயிண்ட் காயறதுக்குள்ள தொட்டுப் பாத்துட்டீங்க, உங்க கட்டைவிரல் ரேகை அப்படியே அதுல பதிஞ்சு போச்சு. "சே, கெட்டுப் போச்சு, திரும்பி அடிக்கணும்"னீங்க. அடிக்கலை. உங்க வேட்டியில சுத்தி பீரோ மேல வெச்சேன். தினம் காலையில எடுத்துத் தூசி தட்டுவேன். அந்த ரேகை மேல என் கட்டைவிரலை வெச்சுப் பாப்பேன். உங்க விரல் பெருசு. என் விரலைச் சுத்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

போன மாசம் தணிகாசலம் வந்தாரு. வந்தவரு நேரா விஷயத்துக்கு வரலை. விலைவாசி பேசினாரு, மழை பேசினாரு. அப்போவே எனக்குப் பொறி தட்டிச்சு.

"அண்ணி, இந்த வருஷம் அண்ணனோட கடைசி ராக்கெட்டை விடலாம்னு கழகத்துல எல்லாருக்கும் ஆசை. அண்ணன் பேரு சொல்லி மைக்ல அறிவிச்சு ஷோக்கா பண்ணிடலாம்"னாரு.

"அது திரும்பி வரலைன்னா?"

"வராம எங்க போவுது அண்ணி? நீங்கதானே பாரா."

"சாயங்காலம் என் பீரோ மேல இருக்கணும். கீறல் படக் கூடாது."

"கண்டிப்பா அண்ணி!"

பாத்தீங்களா? யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா சந்தேகம் வருமா வராதா? வானத்துல விடற சாமானுக்குக் கீறல் படாதுன்னு யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? ஸ்டுடியோ வாசல்ல ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கே, அதுல வெக்கறதுக்குக் கண்ணு வெச்சிருக்காருன்னு எனக்குத் தோணிச்சு. ஒரு தடவை படம் எடுக்கணும்னு கேட்டு நான் குடுக்கலை. அதை மனசுல வெச்சுக்கிட்டு இப்படி வர்றாரோ?

மாட்டேன்னு சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். நம்ம மல்லிகா குறுக்கே வந்து, "அம்மா, குடும்மா. அப்பா செஞ்சது பறக்க வேணாமா?"ன்னு கேட்டுட்டா. காலேஜ் போனதுலேர்ந்து கழகத்துல அவதான் எல்லாம். உங்க பொண்ணு கேட்கும்போது உங்க குரலே வருது, நான் என்ன பண்றது? குடுத்துட்டேன். மருந்துக் குழல் அளவு பாக்கணும்னு வேட்டியோட தூக்கிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம்தான் பேஜாரே. சொன்ன நாளைக்குக் கொண்டு வரலை. கேட்டா, "வார்னிஷ் அடிச்சிருக்கு அண்ணி, காயட்டும்"னாரு. ஏற்கெனவே வார்னிஷ் அடிச்ச ராக்கெட்டுக்கு எதுக்கு வார்னிஷ்? மல்லிகா சாயங்காலம் லேட்டா வர்றா. கை விரல் இடுக்குல மைதாப் பசை. "என்னடி இது?"ன்னா, "போஸ்டர் ஒட்டினோம்மா"ங்கறா. ஊர்ல ஒரு சுவத்துல போஸ்டரைக் காணோம். இன்ஸ்டிடியூட் அலமாரியில பழைய ரோலரும் இல்லை. முனிரத்தினம் மார்க்கெட்டுல என்னைப் பாத்ததும் வெங்காயம் பொறுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. பெத்த பொண்ணுலேர்ந்து வாணக்காரர் வரைக்கும் ஒரே கட்சி. நான் மட்டும் தனிக் கட்சி.

நேத்துக் காலையில டெம்போவுல கிளம்பினோம். ஏரியில வழக்கமான கூட்டத்தைவிட ஜாஸ்தி. உங்க பேருக்காக வந்த ஜனம்னு தணிகாசலம் சொன்னாரு. சொல்லும்போது என் முகத்தைப் பாக்கலை. டெம்போவுக்குள்ள தார்ப்பாய்க்கு அடியில நீளமா ஒரு சாக்கு மூட்டை. "அது என்ன?"ன்னேன். "கம்பி"ன்னு மல்லிகாவும் "கொடி"ன்னு தணிகாசலமும் ஒரே சமயத்துல சொன்னாங்க.

நான் கயித்தோரம் போய் கற்பூரம் பிடுங்க ஆரம்பிச்சேன். ஒரு அம்மா வெத்தலைக்குள்ள மடிச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க. "மாஸ்டர் ராக்கெட்டும்மா, ஒரே ஒரு வில்லை ஏத்திக்கறேன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மாஸ்டரே வேணாம்னு சொல்லியிருக்காரு"ன்னு வாங்கி மடியில கட்டிக்கிட்டேன். ஆனா என் கண்ணு பூரா டெம்போ மேலதான்.

"அண்ணி, நீங்க உங்க இடத்துக்குப் போயிடுங்க, காத்து மாறுது"ன்னு தணிகாசலம் அவசரப்படுத்தினாரு. பாரா நிக்கற இடம் ரொம்பத் தள்ளி, பனைமரத்துக்கிட்ட. எல்லாம் தயாரானதுக்கு அப்புறம்தான் எப்பவும் போவேன். நேத்து மட்டும் ஏன் முன்னாடியே துரத்தறாரு? சரின்னு தலையாட்டிட்டு நேரா ராக்கெட் நிக்கற கம்பிக்குப் போனேன்.

ராக்கெட் நின்னுச்சு. அதே உயரம், அதே சிவப்பு மூக்கு. உடம்புல ஏ எஸ் டி எஃப்கூட இருக்கு. கட்டைவிரலை நீட்டி மூக்கைத் தடவினேன்.

வழவழன்னு இருந்துச்சு. ரேகை இல்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கே! நேரா டெம்போவுல ஏறி, தார்ப்பாயைத் தள்ளி, சாக்கைப் பிரிச்சேன். உள்ளே உங்க வேட்டி. வேட்டிக்குள்ள உங்க ராக்கெட். கீறல் இல்லை. ரேகை அங்கயே இருந்துச்சு. அதை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு இறங்கினேன்.

"தணிகாசலம்! இது என்ன?"

அவரு கழுத்துல தொங்கற கேமராவைத் திருகிக்கிட்டே நிக்கிறாரு. முனிரத்தினம் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கறாரு. மல்லிகாதான் முன்னாடி வந்தா.

"அவரைத் திட்டாதேம்மா. நான்தான் செஞ்சேன், அப்பா ரோலர்லயே. நீ தினம் காலையில அதை எடுத்து விரல் வெச்சுப் பாக்கறது எனக்குத் தெரியும். அது போயிடுச்சுன்னா நீ தாங்க மாட்டே. அப்பாவுக்காகவே இந்த வருஷம் கூட்டம் வருது, அவங்களையும் ஏமாத்த முடியலை. அதான் இதை விட்டுட்டு, சாயங்காலம் அதை பீரோ மேல வெச்சுடலாம்னு..."

"எனக்கு எப்படித் தெரியாம இருக்கும்னு நினைச்சே?"

"தெரியாதுன்னுதான் நினைச்சோம் அண்ணி"ன்னாரு தணிகாசலம், பாவமா.

ஒரு மாசமா மனுஷர் மேல நான் படாத சந்தேகம் இல்லை. அவரு என்னவோ எனக்காகத் திருட்டுத்தனம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. நியாயமா எனக்கு மனசு குளிரணும். குளிரலை. மைக் கட்டியாச்சு, ஜனங்க உட்கார்ந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல, "மாஸ்டர் தன் கையால செஞ்ச கடைசி ராக்கெட்"னு அறிவிக்கப் போறாங்க. எது உங்க கையால செஞ்சது? அது என் கையிலல்ல இருக்கு! உங்க பேரைச் சொல்லிட்டு வேற ஒண்ணை அனுப்பறதா? இத்தனை பேரும் தலைக்கு மேல கை தூக்கிக் கும்பிடப் போறாங்க. எதைக் கும்பிடறோம்னு தெரியாமலேயே கும்பிடுவாங்களா?

நீங்க ஒரு தடவை சொன்னது அப்போ ஞாபகம் வந்துச்சு. மூணாவதோ நாலாவதோ ராக்கெட், அழகா இருக்குன்னு நான் எடுத்து பீரோ மேல வெச்சேன். நீங்க தேடு தேடுன்னு தேடி, நாற்காலி போட்டு ஏறி எடுத்துட்டு, "பீரோ மேல வெக்கறதுக்கு பொம்மை வாங்கித் தர்றேன். இதை விடு"ன்னீங்க.

முனிரத்தினத்தைக் கேட்டேன். "இதுக்கு மருந்து மாத்தினா போகுமா?"

"நம்ம மாஸ்டர் சாமி செஞ்சதும்மா. மூணு மழை பாத்தும் ஒரு சுருக்கம் இல்லை. போவும். ஆனா மேல காத்து ஜாஸ்தியா கீது. திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

"திரும்பி வருமான்னு உங்களைக் கேட்டேனா? மாத்துங்க."

"அம்மா, வேணாம்மா!"ன்னு மல்லிகா கையைப் பிடிச்சா. அவ கையில இன்னும் பசை வாசனை. "நீ செஞ்சதை உன் பேரு சொல்லி விடு. அப்பா செஞ்சதை அப்பா பேரு சொல்லி விடு"ன்னேன். அவ பிடிச்ச கையை விட்டுட்டா. ராக்கெட்டைக் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை விரலை வெச்சுப் பாத்தேன். உங்க விரல் இன்னும் பெருசாத்தான் இருந்துச்சு.

பனைமரத்துக்கிட்ட போய் நின்னேன். வலது கையில சிவப்பு, இடது கையில வெள்ளை. மைக்ல உங்க பேரு. ஏரி அமைதியாச்சு. பத்துலேர்ந்து கீழே எண்ண ஆரம்பிச்சாங்க. நம்ம ஜனங்க சரியா எண்ண விட்டாங்களா என்ன? மூணு வரும்போதே "அண்ணாமலையானுக்கு"ன்னு ஒரு குரல்.

நெருப்பு வந்துச்சு. ராக்கெட் கம்பியை விட்டுக் கிளம்பிச்சு. அது வரைக்கும் பாத்தேன். அது வரைக்கும் நிச்சயமா பாத்தேன்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலைங்க. கொடி எப்போ கீழே விழுந்துச்சு? நான் போடலை, அதுவா விழுந்துச்சு. என் கை ரெண்டும் தலைக்கு மேல இருந்துச்சு. என் கண்ணு மூடியிருந்துச்சு. சங்கிலி, செருப்பு, பீரோ சாவி, ஒண்ணும் ஞாபகத்துல இல்லை. "அரோகரா"ன்னு கத்தறது என் குரல்தான்னு கொஞ்சம் பொறுத்துதான் தெரிஞ்சுது. அப்படியே நின்னு அழுதேன். நீங்க போன அன்னைக்கு அழ வேண்டிய அழுகை. யார் பாத்தாலும் பாக்கட்டும்னு அழுதேன். மனசு விட்டுப் போச்சுங்க, நல்லபடியா.

கண்ணைத் திறந்தப்போ வானம் காலியா இருந்துச்சு. புகை மட்டும் ஒரு கோடா நின்னு மெதுவா வளைஞ்சுது.

எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. தணிகாசலம் மூச்சிரைக்க ஓடி வந்தாரு. "அண்ணி, எந்தப் பக்கம்?"

"தெரியலை."

"விளையாடாதீங்க அண்ணி."

"கண்ணை மூடிட்டேன், தம்பி."

அவரு சிரிச்சாரு. அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டு நிறுத்தினாரு. மத்த மூணு பக்கம் நின்னவங்களும் கொடியைக் கீழே போட்டுட்டுக் கும்பிட்டிருக்காங்க. "அதான் அக்கா பாக்கறாங்களேன்னு விட்டுட்டோம்"ங்கறாங்க. என்னை நம்பித்தான் ஏரி மொத்தமும் நிம்மதியா கண்ணை மூடியிருக்கு. தணிகாசலமும் கும்பிட்டுட்டாரு, இந்தத் தடவையும் படம் இல்லை. பொழுது சாயற வரைக்கும் முள்ளுலயும் வரப்புலயும் தேடினாங்க. ஒரு ரோஜாத் துணி, ஒரு சிவப்பு மூக்கு, எதுவும் அகப்படலை.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. ஒருத்தர்கூட என்னை நம்பலை! நான் எங்க விழுந்துச்சுன்னு பாத்து வெச்சுக்கிட்டு, இருட்டினதும் தனியா போய் எடுத்துட்டு வந்துட்டேனாம். பால்காரர் கதை அது. விழுந்ததும் எடுத்துட்டு வரக் கூட்டத்துல ஒரு ஆளை ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேனாம். அது டைப் அடிக்கற பொண்ணுங்க கதை. தணிகாசலம் காலையில வந்து காபி குடிச்சுக்கிட்டே பீரோ மேல ஒரு பார்வை விட்டாரு. நம்ம பொண்ணு இருக்காளே, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்ததை நானே பாத்தேன்.

"என்னடி தேடறே?"

"ஒண்ணுமில்லை." அப்புறம் கிட்ட வந்து உட்கார்ந்தா. "அம்மா, நிஜமா சொல்லு. நீ கண்ணை மூடினியா?"

"மூடினேன்டி."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. நம்பலைங்க. என் ரத்தம் அவ உடம்புல ஓடுதே, எப்படி நம்புவா? இந்த ஊர்ல நான் சொல்றதை நம்பற ஆள் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களுக்காக இதை அச்சுல போடறேன். நம்பினா நம்பட்டும்.

அந்தத் துணி விரிஞ்சுதா? நீங்க மடிச்ச மடிப்பு பிரிஞ்சு என் ரோஜாப் புடவை மறுபடியும் வானத்துல ஆடிச்சா? மேல காத்து மலைப் பக்கமா அடிச்சிருக்குமோன்னு முனிரத்தினம் சந்தேகப்படறாரு. மலைக்கு மேல எதுவும் பறக்கக் கூடாதுன்னு அத்தனை கவனமா இருந்தீங்களே, கடைசியில நீங்களேதான் அந்தப் பக்கம் போயிட்டீங்களா?

தேடறதை விட்டுடச் சொல்லிட்டேன். மாடு மேய்க்கறவங்க யாராவது பாத்து எடுத்துட்டு வந்தா, அதை பீரோ மேல ஏத்த மாட்டேன். முனிரத்தினத்துக்கிட்ட குடுத்து மறுபடி மருந்து போடச் சொல்லிடுவேன். மல்லிகா செஞ்சது இப்போ உங்க மேசை மேல இருக்கு. நேத்து ராத்திரி அது மூக்குக்கு இன்னொரு பூச்சு சிவப்பு அடிச்சா. காயறதுக்குள்ள தொட்டுப் பாத்துட்டா. "சே"ன்னா. நான் பிரஷை வாங்கிக் கழுவி வெச்சுட்டேன்.

அடுத்த வருஷம் அதை அவ பேரு சொல்லி விடுவோம். பனைமரத்துக்கிட்ட நான்தான் நிப்பேன். ரெண்டு கையிலயும் கொடி இருக்கும். ஊர் மொத்தமும் கும்பிட்டாலும் நான் கண்ணை மூட மாட்டேன், அது எந்த முள்ளுல விழுந்தாலும் பாத்து எடுத்துட்டு வந்து அவ கையில குடுப்பேன். இது சத்தியம். நேத்து மூடினது உங்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஊரே சந்தேகப்படற உங்க வீட்டுக்காரி,
மல்லிகா அம்மா